வேண்டாம் என்று சொல்லும் வசதி

ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். 'இறைப்பணியில் என் அனுபவங்கள்' என்று தலைப்பையும் அவர்களே வைத்துக் கொடுத்தார்கள். நான் இறைப்பணி செய்யவில்லை. கோயில் செயல் அலுவலராக வேலை பார்த்தேன். குத்தகை தராதவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினேன், கோபுரத்தில் முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்க ஆள் பிடித்தேன், திருவிழாவில் அடிதடி வராமல் பார்த்துக்கொண்டேன். சாமியைப் பார்த்த நேரத்தை விட, சாமிக்கு முன்னால் யார் நிற்பது என்று அடித்துக்கொண்டவர்களைப் பார்த்த நேரம்தான் அதிகம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். போடுவதானால் போடுங்கள்.

பரிவட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாமிக்குச் சாத்திய பட்டுத் துணியை எடுத்து ஒருவர் தலையில் சுற்றிக் கட்டுவார்கள். மாலை போட்டு, விபூதி கொடுத்து, மேளத்தோடு வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். யாருக்கு முதலில் கட்டுகிறார்களோ அவருக்கு முதல் மரியாதை. அந்தத் துணிக்காக அண்ணன் தம்பிகள் சாகும்வரை பேசாமல் இருந்திருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், துணி கட்டத் தலை வேண்டுமே என்றுகூட யோசிக்காமல்.

சில மாதங்களுக்கு முன் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு வகுப்பெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் எழுந்து, "மேடம், இந்த மரியாதை எல்லாத்தையும் ஒரே ஆர்டர்ல தூக்கிட முடியாதா?" என்று கேட்டாள்.

"தாராளமா தூக்கலாம். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா தூக்கறதுக்கு முன்னாடி அது என்னன்னு பாத்துட்டுத் தூக்கு. எனக்கே இன்னும் முழுசா தெரியலை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

என் அப்பா தென்னேரியில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். எங்களுடையது காலனி வீடு. ஊர்த் தேர் எங்கள் தெருப் பக்கம் திரும்பாது. நான் படித்தேன், தேர்வு எழுதினேன், பயிற்சிக்குப் போனேன். பயிற்சியில் சட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். சட்டத்தில் இல்லாததை எல்லாம் என் முதல் திருவிழாவில் கற்றுக்கொண்டேன்.

அது வாலாஜாபாத் பக்கம் ஒரு கோயில். அங்கே ஊர்க்காரருக்குக் கட்டிய பிறகு அதிகாரிக்கும் பரிவட்டம் கட்டுவது வழக்கம். குருக்கள் துணியோடு என் முன்னால் வந்து நின்றார். துணியைப் பிரிக்காமல் மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ ஒட்டடை இருப்பது போல. நான் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் தயங்குவதும் எனக்குத் தெரிந்தது.

"வேண்டாம். நான் டியூட்டியில இருக்கேன்" என்றேன்.

குருக்கள் துணியை மறுபடி தட்டில் வைத்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தால் பாதி சந்தோஷம்கூடக் கிடைத்திருக்காது. வேண்டாம் என்று சொன்னதும் அங்கிருந்த அத்தனை பேரையும் விட நான் உயரமாகிவிட்டேன். அப்படித்தான் தோன்றியது.

இது எங்கள் உதவி ஆணையர் காதுக்குப் போனது. அவர் பெயரைத் தயாளன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காஞ்சிபுரம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று பதிலைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் மேசை மேல் தாளை விரித்து வேகவைத்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கம்மா. கடலை எடுத்துக்குங்க. வேண்டாம்னு சொன்னீங்களாமே, அப்ப எப்படி இருந்தது?"

"எப்படி இருந்துதுன்னா?"

"இல்லம்மா, நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். எனக்கு யாரும் அப்படி ஒரு சந்தர்ப்பம் குடுத்ததில்லை. கட்டுனா தலைய நீட்டிடுவேன்."

தயாளன் சார் தத்துவத்தில் எம்.ஏ. படித்தவர். அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காமல் இந்த வேலைக்கு வந்தவர். மேன்மை என்றால் என்ன என்பதுதான் அவரை வாழ்நாள் முழுக்கப் பிடித்து ஆட்டிய கேள்வி. கோயில் மரியாதை வழக்குகளை மற்ற அதிகாரிகள் அடுத்தவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இவர் கேட்டு வாங்கிக்கொள்வார். கடலை உரித்துக்கொண்டே அன்றைக்கு எனக்குச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஐரோப்பாவிலும் நம் ஊர் மாதிரிதான். மேலானவன் என்றால் மேலான வீட்டில் பிறந்தவன். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஜெர்மனியில் குதிரைச் சேணம் செய்கிற வீட்டில் பிறந்த ஒருவர், மனுஷன் என்பதாலேயே ஒவ்வொருவரிடமும் விலை சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அயோக்கியனிடம்கூட இருக்கிறது, அதை யாரும் கொடுக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது என்றார். அதே நாட்டில் பின்னால் வந்த இன்னொருவர் இதைக் கிண்டல் செய்தார். மேலானவன் யாரிடமும் போய் நான் மேலானவனா என்று கேட்க மாட்டான், அவனே சொல்லிக்கொள்வான், அடக்கம் நல்லது, பணிவு நல்லது என்பதெல்லாம் கீழே கிடந்து வயிறெரிந்தவர்கள் கட்டிவிட்ட கதை என்றார். ஸ்பெயின்காரர் ஒருவர் வேறு மாதிரி சொன்னார். ஊர் தன்னிடம் கேட்பதை விட அதிகமாகத் தன்னைத் தானே கேட்டுக்கொள்பவன் மேலானவன், அதற்கும் பிறப்புக்கும் சம்பந்தமில்லை என்று.

"இப்ப உள்ளவங்க இன்னொண்ணு சொல்றாங்கம்மா. நாம பிரபுக்களை ஒழிச்சிட்டதா நினைக்கிறோம். ஒழிக்கலையாம். அவங்களுக்கு இருந்த மரியாதையை எல்லாருக்கும் ஆக்கிட்டோமாம். எல்லாரும் பிரபுதான்."

"எல்லாருக்கும் பரிவட்டம்னா, கட்டி விடறது யாரு சார்?"

அவர் உரித்த கடலையை வாயில் போடாமல் அப்படியே வைத்திருந்தார். "இதை எங்க வாத்தியாரைக் கேட்டிருக்கலாம்" என்றார்.

வயிறெரிந்தவர்கள் கட்டிவிட்ட கதை என்ற பேச்சு எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அந்த மனுஷர் எங்கள் காலனியில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அதுவே மண்டைக்குள் ஓடியது. நான் வேண்டாம் என்றது வயிற்றெரிச்சலிலா, அல்லது யாரையும் கேட்காமல் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பெருமையா? ஒன்று மட்டும் தெரிந்தது. என் அப்பாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பே வந்ததில்லை. அவர் முன்னால் யாரும் துணியோடு வந்து நின்றதில்லை.

சில வருடங்கள் கழித்து என்னைக் காஞ்சிபுரத்திலேயே ஒரு சிவன் கோயிலுக்குப் போட்டார்கள். நெசவாளர் தெரு. சைவக் குடும்பங்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனி உத்திரத்தில் அம்மன் கல்யாணத்துக்குக் கூறைப்புடவையை ஒரு குடும்பம் விரதமிருந்து நெய்து கொடுக்கும். அந்தக் குடும்பத் தலைவருக்குத்தான் முதல் மரியாதை. அவருக்குப் பரிவட்டம் கட்டாமல் சாமி மண்டபத்தை விட்டு நகராது. கல்யாணத்துக்கு முன்னால் கோயிலிலிருந்து வெற்றிலை பாக்கு, மஞ்சள், விபூதி வைத்த தட்டு அவர் வீட்டுக்குப் போகும். அதை வாங்கிக்கொண்டால் சம்மதம். தட்டு திரும்பி வந்தால் மரியாதை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். புடவை கொடுக்கும் உரிமையும் அதோடு போகும். யாருக்கும் நினைவு தெரிந்து தட்டு திரும்பியதில்லை.

அந்த வருடம் திரும்பியது.

பெரியவர் முந்தின ஐப்பசியில் இறந்துபோயிருந்தார். கோயில் முறைக்காக வருஷத் திதியை முன்னாலேயே கொடுத்து முடித்திருந்தார்கள். மூத்த மகன் ஏகாம்பரத்துக்கு அதுதான் முதல் முறை. ஐம்பது வயதிருக்கும். நல்ல மனுஷர் என்று தெருவே சொல்லும். கோயில் மெய்க்காவலர் தட்டோடு திரும்பி வந்து என் மேசை மேல் வைத்துவிட்டு, "வேணாம்னுட்டாரும்மா. நானும் கையப் புடிச்சிக் கேட்டுப் பாத்தேன்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஏகாம்பரத்தின் சித்தப்பா மகன் குமரேசன் வந்து நின்றார். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருப்பவர். மனுவைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். தட்டு திரும்பும் என்று யார் சொன்னார்களோ.

"முறைன்னு ஒண்ணு இருக்குது மேடம். அண்ணன் வேணாம்னா எங்க வூட்டுக்குத்தான். நான் ஆசப்பட்டு வரல. சாமி நிக்கக் கூடாது பாருங்க."

"நிக்காது, போங்க" என்றேன்.

தயாளன் சாருக்குப் போன் செய்தேன். குமரேசன் மனுவை முதலில் விசாரிப்பதா என்று கேட்டேன். "வேணும்ங்கறவங்க எங்கயும் போக மாட்டாங்க. வேண்டாம்ங்கறவரை முதல்ல கூப்பிடுங்க" என்றார்.

அவர் விசாரணை நடத்தும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைப்பார். வந்தவரை உட்கார வைப்பார். அவருக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் பேச்சு. அவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னதை நான் சரியா வாங்கிக்கிட்டேனா பாருங்க" என்று திருப்பிச் சொல்வார். அவர் ஆமாம் என்றால்தான் நான் எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டி மறுபடியும் கேட்பார். ஒருமுறைகூடக் குரல் உயராது. அந்த அமைதி எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும். கத்த வேண்டிய இடத்தில் கத்தினால் என்ன?

ஏகாம்பரம் ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். முழங்காலில் ஆபரேஷன் ஆனவர்.

"அய்யா, பொடவய நான் நெய்யல. முட்டி போனதுல இருந்தே நான் தறி மிதிக்கறது இல்ல. எங்க நைனாவும் கண்ணு தெரியாம வுட்டுட்டாரு. நாலஞ்சு வருசமா அம்மன் பொடவ நம்ம வூட்டுத் தறியில ஓடல. கூரத்துல வசந்தான்னு ஒரு பொண்ணு. என்கிட்ட கூலிக்கு நெய்யறாங்க. அவங்க நெஞ்சதுதான். நைனா தெரிஞ்சே கட்டிக்கினாரு. அவரு காலம் வேற. என் தலைக்குன்னு வரும்போது முடியலங்க. நெஞ்சவ ஒருத்தி, பரிவட்டம் ஒருத்தனுக்கா?"

தயாளன் சார் திருப்பிச் சொன்னார். ஏகாம்பரம் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "அவங்க காலனிப் பொண்ணு. அதையும் எழுதுங்க மேடம். எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. அம்மன் அந்தப் பொடவயக் கட்டிக்கினுதான இருந்துது? தெருவுல எவன் இன்னா சொல்றான்னு பாக்கறேன்" என்றார்.

பேனாவை எடுத்துவிட்டேன். இத்தனை வருட வேலையில் நான் எழுத ஆசைப்பட்ட ஒரே வாக்குமூலம் அதுதான்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் தயாளன் சார். "ஏகாம்பரம், இதை வெளிய சொல்லலாமான்னு அந்தம்மாவைக் கேட்டீங்களா?"

ஏகாம்பரம் முழித்தார். "அவங்கள எதுக்குங்க கேக்கணும்? நல்லதுதான சொல்றேன்."

"கேக்கலை" என்று திருப்பிச் சொன்னார் தயாளன் சார்.

"கேக்கலைங்க."

நான் பேனாவை மூடினேன். கூரத்துக்குப் போய் வசந்தாவைக் கேட்டு வரச் சொல்லித் தயாளன் சார் என்னை அனுப்பினார்.

ஷேர் ஆட்டோவில் போகும்போது ஏகாம்பரத்தையே நினைத்துக்கொண்டு போனேன். ஸ்பெயின்காரர் சொன்ன ஆள் இவர்தான் என்று தோன்றியது. யாரும் கேட்காத கேள்வியைத் தன்னைத் தானே கேட்டுக்கொண்டவர். தலைக்கு வந்த துணியைத் தள்ளிவிட்டவர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என்னை மாதிரியே இருக்கிறார் என்பதும் ஒரு காரணம்.

வசந்தா வீடு தொகுப்பு வீடு. முன் அறை முழுக்கத் தறி. தரையில் குழி தோண்டி, குழிக்குள் காலை விட்டு மேட்டில் உட்கார்ந்து நெய்கிற தறி. நான் யார் என்று சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. "நூல் அறுந்திரும் மேடம், பேசுங்க, காது இங்கதான் இருக்குது" என்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். விஷயத்தைச் சொல்லச் சொல்லக் கை மெதுவானது. ஏகாம்பரம் தட்டைத் திருப்பிவிட்டார் என்றதும் நின்றுவிட்டது.

"ஏன் திருப்புனாரு?"

"நெஞ்சது நீங்க. அவருக்கு மனசு கேக்கல."

"அவருக்கு மனசு கேக்கல" என்று அவர் மெதுவாகச் சொன்னார். "மேடம், அந்த வூட்டுக்கு எதுக்குக் கல்யாணக் கூறை ஆர்டர் வருது? அம்மன் கூறை குடுக்கற வூடுன்னுதான். அந்த ஆர்டர்லதான் என் தறி ஓடுது. நாளைக்கிப் பரிவட்டம் குமரேசன் வூட்டுக்குப் போச்சின்னா ஆர்டரும் அங்க போவும். எங்க மொதலாளிக்கு இன்னும் நாலு தறி, சொந்த வூடு, மவன் கம்பெனில வேல. மொதல்ல நிக்கறது எந்தத் தறி?"

நான் அவர் தறியைப் பார்த்தேன்.

"இதுல காலனிக்காரி நெஞ்ச பொடவன்னு போர்டுல வேற ஒட்டணுமா? ஒட்டுனா, கல்யாணத்துக்கு எங்கிட்ட எவன் கூறை வாங்குவான்? நான் அம்மன் பொடவ நெய்யறப்ப கறி, மீனு ஒண்ணியும் தொடறது இல்ல. எங்க வூட்டுக்காரருக்கும் ஆக்கிப் போடறது இல்ல. யாரு சொல்லியும் இல்ல. நானா இருக்கறேன். அதுக்கு எனக்குப் பரிவட்டம் வோணும்னு எவரையாச்சும் கேட்டனா?"

எனக்குக் கோபம் வந்தது. ஏகாம்பரத்தின் மேலா, இவர் மேலா, தெருவின் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. "அப்ப காலம் பூரா மறைச்சிக்கிட்டே இருப்பீங்களா? உண்மைய ஒருத்தர் சொல்ல வராரு, நீங்களே வேணாம்ங்கறீங்க. நானும் உங்க மாதிரி வீட்ல பொறந்தவதான். அதிகாரிக்குக் கட்டற பரிவட்டத்தையே வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேன்."

வசந்தா என்னை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார்.

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு என்ன?"

"மறுநாளு சம்பளம் நின்னுச்சா?"

"இல்ல."

"அதான் மேடம். உங்களுக்கும் அவருக்கும் வேணாம்னு சொல்ல வசதி இருக்குது. சொல்றீங்க. அழகாத்தான் இருக்குது. எனக்கு அந்த வசதி இல்ல."

தறிக் குழியிலிருந்து காலை எடுத்து வெளியே வந்தார். சேலையை உதறினார். அப்புறம் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் போகாமல் நிற்கிறது.

"எத்தினி வருசமா வராரு தறி பாக்க. வாசல்லயே நின்னுக்கினு பொடவய வாங்கிப் பாத்துட்டுப் போயிடுவாரு. நல்ல மனுசன், ஒரு வார்த்த கடுசா பேசுனது இல்ல. ஆனா உள்ள வந்து குந்துனது இல்ல. ஒரு வாய் காப்பி குடிச்சது இல்ல. அம்மன் தலைத்துணி எனக்குத் தரணுமாமா? எங்க வூட்டு டம்ளர வாயில வெக்கச் சொல்லுங்க, பாப்போம்."

இதையெல்லாம் இப்போது எழுதுகிறேனே என்று கேட்பீர்கள். எழுதுவதற்கு முன் வசந்தாவுக்குப் போன் செய்தேன். இப்போது அவர் பெயரிலேயே தறிகள் இருக்கின்றன. நேராகக் கடைகளுக்குக் கொடுக்கிறார். "இப்ப எழுதுங்க மேடம். பேர மட்டும் மாத்திடுங்க" என்றார். ஏகாம்பரத்தையும் கேட்டேன். "அவங்க சரின்னாங்களா? அப்ப சரி" என்றார்.

கூரத்திலிருந்து நேராகத் தயாளன் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் பாதியில் கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். நான் என்ன வாக்குமூலமா கொடுக்கிறேன்? முடித்ததும், "மேன்மையோட செலவை யார் ஏத்துக்கறாங்கன்னு நான் படிச்ச எதுலயும் இப்படிப் பளிச்சுன்னு கேட்ட ஞாபகம் இல்லம்மா" என்றார். குரலில் வருத்தமில்லை. புதுப் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி இருந்தார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் நானும் அதையேதான் ஆட்டோவில் யோசித்துக்கொண்டு வந்தேன். தன்னிடம் அதிகம் கேட்டுக்கொள்பவன் மேலானவன், சரி. அந்த அதிகத்தை அவன் கையிலிருந்து எடுக்கிறானா, பக்கத்திலிருப்பவர் கையிலிருந்தா?

மறுநாள் ஏகாம்பரம் மறுபடி வந்தார். தயாளன் சார் என்னைப் பேசச் சொன்னார். நான் நாசூக்கு பார்க்கவில்லை.

"நீங்க வேணாம்னா பேரு உங்களுக்கு. தறி நிக்கறது அவங்களுக்கு. ஊரெல்லாம் உங்களைக் கும்புடும். அவங்க வீட்ல அடுப்பு அணையும்."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப பொய்ய தலையில கட்டிக்கினு நிக்கச் சொல்றீங்களா?"

"ஆமா. உறுத்தும். உறுத்தட்டும்."

"அய்யா, நீங்க சொல்லுங்க" என்று அவர் தயாளன் சார் பக்கம் திரும்பினார்.

"உங்க மனசு சுத்தமா இருக்கணும். அவங்க தறி ஓடணும். ரெண்டும் சேர்ந்து நடக்க நான் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு வழி தெரியலை" என்றார் தயாளன் சார். "அதனால உத்தரவு எதுவும் போடலை. தட்டை இன்னொரு தடவை அனுப்பறோம். அதுவரைக்கும் குமரேசன் மனு அப்படியே இருக்கும். அது உங்க இஷ்டம்."

நான் மீதியையும் சொல்லிவிட்டேன். டம்ளர் விஷயத்தை.

ஏகாம்பரம் வெகுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அவங்க ஒரு நாளும் கூப்டலையே" என்றார்.

"கூப்பிட்டிருந்தா போயிருப்பீங்களா?"

அவர் மறுபடி முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார். தயாளன் சார் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

தட்டை ஏகாம்பரம் வாங்கிக்கொண்டார். பங்குனி உத்திரத்தன்று அம்மன் அரக்கு நிறக் கூறையில் நின்றது. கோயில் மரபில் அப்புடவையின் தலைப்பை முதலில் காட்டி, பிறகுதான் கட்டுவார்கள். காட்டும்போது தெருவே கை கூப்பியது. குருக்கள் துணியை எடுத்து ஏகாம்பரம் தலையில் சுற்றினார். ஊசி போட்டுக்கொள்பவர் மாதிரி அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். குமரேசன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "பெரியவரு கட்டறப்ப மார நிமித்துவாரு. புள்ள எப்படிக் குனிஞ்சி நிக்குது பாரு, எவ்ளோ அடக்கம்" என்று எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் சொன்னார். வெட்கத்துக்கும் அடக்கத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஊர் மெச்சிய அடக்கசாலிகளில் எத்தனை பேர் வெட்கப்பட்டு நின்றவர்களோ.

சாமி நகர்ந்தது. மேளம் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டது. கூட்டத்தின் ஓரத்தில் வசந்தா புருஷனோடு நின்று புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்தைப் பார்க்கவேயில்லை.

விழா முடிந்து கொடி இறக்கிய வாரம் ஏகாம்பரம் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், கூரத்துக்குப் போறேன். நீங்களும் கூட வாங்களேன். தனியா போவ கூச்சமா இருக்குது."

"பொண்ணு பாக்கவா போறீங்க கூச்சப்பட?" என்று கேட்டுவிட்டு, போனேன். பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

அவர் டிவிஎஸ் வண்டியில் முன்னால் போனார். நான் ஆட்டோவில். வாசலில் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றார். வசந்தா தறியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஏகாம்பரம் செருப்பை விட்டுவிட்டு, தலையைக் குனிந்து நிலைப்படி தாண்டி உள்ளே வந்தார். உட்கார இடம் தேடினார். தரையில் உட்கார முழங்கால் மடங்காது. வீட்டில் நாற்காலி கிடையாது.

"பக்கத்து வூட்ல சேர் வாங்கியாரவா?" என்று வசந்தா எழுந்தார்.

"வோணாம்மா" என்ற ஏகாம்பரம், வசந்தா எழுந்த இடத்திலேயே, தறிக் குழிக்குள் காலை விட்டு மேட்டில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்காதவருக்கு அந்த வீட்டில் வசதியான இடம் அது ஒன்றுதான். கை தானாகப் போய்த் தறியில் ஓடிக்கொண்டிருந்த புடவையைத் தடவியது. வசந்தா உள்ளே போனார். ஸ்டவ் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது.

சில்வர் டம்ளரில் காபி வந்தது. முதலில் எனக்கு நீட்டினார். நான் அவரைக் காட்டினேன். ஏகாம்பரம் வாங்கி, உதட்டில் வைத்து ஒரு மிடறு குடித்தார். வசந்தா கையைக் கட்டிக்கொண்டு நிலையில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. நன்றாக இருக்கிறதும்மா என்று புகழ்ந்து தள்ளியிருந்தால் நான் அங்கேயே வெறுத்துப்போயிருப்பேன்.

அவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாமா இது, சக்கரையக் கொட்டி வெச்சிருக்கிற?"

வசந்தாவின் கட்டிய கை அவிழ்ந்தது. "மொதோ தபா வரீங்கன்னு ஒரு ஸ்பூன் கூடப் போட்டேன். குடிங்க, செத்துற மாட்டீங்க. அடுத்த தபா கொறச்சிப் போடறேன்."

"ம்" என்றார் ஏகாம்பரம். டம்ளரைக் காலி செய்துதான் கீழே வைத்தார். அடுத்த தபா வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.